விக்டோரியா காலத்துக் கடற்கரை ஊரில் ஒரு போட்டோகிராபர் எப்படிப் பிழைத்தார்?

கோடையில் வந்து குவியும் சுற்றுலாப் பயணிகளை ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் படம் எடுத்துத்தான். இங்கிலாந்தின் விட்பி ஊரில் வாழ்ந்த ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853–1941) இதற்கு நல்ல உதாரணம். தென் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் தொடங்கிய ஸ்டுடியோ ஓடவில்லை. விட்பிக்குத் திரும்பி, ஜெட் என்ற கறுப்பு நிறப் புதைபடிவ மரத்தில் நகை செய்த பழைய பட்டறை ஒன்றை ஸ்டுடியோவாக்கினார்.

சீசனில் ஊரைவிட்டு நகர முடியாது. அதனால் கிடைத்த நேரத்தில் பக்கத்திலேயே இருந்த மீனவர்களையும் துறைமுகத்தையும் படம்பிடித்தார். அன்றைய வேலை லேசானதல்ல: கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். முன்கூட்டியே பூசித் தயாராகக் கிடைக்கும் உலர் தகடு வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

1886-இல் எடுத்த 'வாட்டர் ராட்ஸ்' (நீர் எலிகள்), அம்மணமாகப் படகில் விளையாடும் சிறுவர்களின் படம். உள்ளூர்ப் பாதிரிமார் கொதித்தார்கள். வேல்ஸ் இளவரசரோ அதன் பெரிய பிரதியை வாங்கினார். ஆனாலும் சட்கிளிஃபின் மீனவர் படங்கள்தான் என்னை அதிகம் ஈர்க்கின்றன. அவர்கள் யாரும் போஸ் கொடுப்பதுபோலவே தெரியாது.

1922-இல் தொழிலை விற்றார். அப்புறம் விட்பி அருங்காட்சியகக் காப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார்.