பக்கத்து ஊருக்குப் போற பாதை

கடிதம்:
அன்புள்ள அண்ணா, நான் பெர்லின்ல வேலைக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. போன ஞாயித்துக்கிழமை வடக்கு ஓரத்துல இருக்கிற லூபார்ஸ் போனேன், பெர்லின்ல மிச்சமிருக்கிற கிராமம்னு சொன்னாங்க. ஒரு சர்ச், கல்லு பாவின தெரு, நாலஞ்சு குதிரை. அரைமணி நேரத்துல முடிஞ்சிடுச்சு. இது நெஜமாவே கிராமமா, இல்ல வேடிக்கை காட்ட வச்சிருக்காங்களா? ஜூன்ல அம்மா அப்பா வர்றாங்க, அங்க கூட்டிட்டுப் போகலாமா?

பதில்:
அன்புள்ள தம்பி,

பாதை அடைபட்ட ஊரு என்னாகும்னு ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, அந்த நேரம் பாத்து உங்க லெட்டர் வந்ததால உடனே எழுதுறேன்.

வேடிக்கைக்கு வச்சதெல்லாம் இல்ல. 1247லயே பேரு இருக்கிற ஊரு, சர்ச் 1793ல கட்டினது, 1920லதான் பெர்லினோட சேத்தாங்க. இதெல்லாம் போன்ல தேடினாலே கிடைக்கும், விடுங்க.

அரைமணி நேரத்துல முடிஞ்சிடுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. 222 பஸ்ஸ விட்டு இறங்கி, சர்ச்ச சுத்தி போட்டோ எடுத்துட்டு, அடுத்த பஸ்ல ஏறினா எந்த ஊரும் அரைமணி நேரந்தான். பக்கத்து ஊருக்குப் போற பாதைல கால வைக்காம ஒரு ஊர பாத்தேன்னு சொல்லாதீங்க. எத்தனை தடவை எழுதிட்டேன் இத.

லூபார்ஸுக்குப் பக்கத்து ஊரு ப்ளாங்கென்ஃபெல்டே. 1961ல பெர்லின ரெண்டாப் பிரிச்ச சுவர் எழும்புச்சு, லூபார்ஸ் மேற்குல மாட்டிக்கிச்சு, ப்ளாங்கென்ஃபெல்டே கிழக்குல. தெக்க மார்கிஷஸ் ஃபியர்டெல்னு அடுக்குமாடி அடுக்குமாடியா எழும்புது, வடக்க சுவரு, நடுவுல லூபார்ஸ்காரங்க உழுதுட்டே இருந்தாங்க. சுவத்தத் தாண்டி எந்த வயக்காட்டுக்கும் இஷ்டத்துக்குப் போக முடியாத மேற்கு பெர்லின்காரங்க ஞாயித்துக்கிழமையானா புள்ளைங்கள கூட்டிட்டு இங்கதான் வருவாங்க, குதிரையையும் கதிரையும் காட்டுறதுக்கு. 1989 நவம்பர்ல சுவர் திறந்தது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பாதை அப்பவும் திறக்கல தம்பி, மாசக்கணக்கா அப்படியே கிடந்துச்சு. 1990 ஜூன் 16 அன்னிக்கு ஹெல்முட் க்வாலிட்ஸ்னு லூபார்ஸ் விவசாயி தன் டிராக்டர கொண்டாந்து சுவத்த இடிச்சு வழி விட்டாரு. அந்த இடத்துக்கே இப்ப செக்பாயிண்ட் க்வாலிட்ஸ்னுதான் பேரு. நீங்க எடுத்த போட்டோல ஒண்ணாவது அங்க எடுத்ததா?

நான் போனப்போ அக்டோபர், தூத்தல். அந்தப் பேர்ப்பலகைய அண்ணாந்து பாத்துட்டே நடுப்பாதைல நின்னுட்டேன், பின்னாடி மணிச்சத்தம். ஒரு வயசான அம்மா, சைக்கிள் கூடைல முட்டைக்கோசு, ப்ளாங்கென்ஃபெல்டே பக்கத்துலேருந்து வர்றாங்க, ஒதுங்குங்கன்னு கைய காட்டிட்டுப் போயிட்டே இருக்காங்க. காய் வாங்கிட்டு வீட்டுக்குப் போறாங்க, அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அவங்க வயசப் பாத்தா இந்தப் பாதை இல்லாத காலமும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஊர்ல உங்க அப்பாவும் டிராக்டர் ஓட்டினவருன்னு முன்ன ஒரு லெட்டர்ல எழுதியிருந்தீங்க, எனக்கு மறக்கல. அம்மாவுக்கு முடியலன்னா மெதுவா உக்காந்து உக்காந்து போங்க, அவசரப்படுத்தாதீங்க.

ஜூன்னு எழுதியிருக்கீங்க. 16ஆம் தேதி இருப்பாங்களா?