பூஸ்ட் பெடல் எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும்?

கேள்வி: வீட்டிலேயே ஹெவி மெட்டல் ரிதம் கிட்டார் பதிவு செய்கிறேன். ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) டிஸ்டார்ஷன், அதாவது அது கரகரப்பாக்கித் தரும் ஒலி, அறையில் கேட்கும்போது கனமாக இருக்கிறது. பதிவில் கேட்டாலோ அடிப்பகுதி குழம்பி, பாம் மியூட் செய்த (உள்ளங்கை விளிம்பால் கம்பியை அடக்கி வாசித்த) தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) கூட்டியும் பயனில்லை. ஒலியை உயர்த்தி அனுப்பும் பூஸ்ட் பெடலாக ஆம்புக்கு முன்னால் வைக்க, கிளீன் பூஸ்ட், ட்யூப் ஸ்க்ரீமர், ட்ரெபிள் பூஸ்டர் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: ட்யூப் ஸ்க்ரீமர் வகையை வாங்குங்கள். ஆனால் அதைச் சத்தம் கூட்டும் கருவியாக எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். உங்களுக்கு அது செய்யப்போகும் பெரிய உதவி, டிஸ்டார்ஷனுக்குள் நுழையும் பேஸ் (தாழ்ந்த) அலைகளின் பங்கைக் குறைப்பதுதான்.

குழப்பம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கிட்டாரின் ஆறாவது கம்பியான ஈ, சாதாரண ட்யூனிங்கில் சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் மீது அமையும் பவர் கார்டின் (அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்த ஒலியின்) இரண்டாவது சுரம் ஏறத்தாழ 123 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போகும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அலைகள் உருவாகின்றன. கழித்தால் வருவது 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஈ கம்பி ஒலிக்கும் இடமும் அதுவே. அறையில் கனமாகத் தோன்றிய ஒலி, பதிவில் பேஸ் கிட்டாருடன் மோதிக் கலங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலும், கம்பி அதிர்வில் வலிமை மிகுந்த இந்தக் கீழ் அலைகளே ஆம்பை முதலில் கிளிப்பிங்குக்கு (அலையின் உச்சி வெட்டுப்படும் நிலைக்கு) தள்ளுகின்றன என்பதால், பிக் கம்பியில் படும் கூர்மையான தொடக்க ஒலி அவற்றுக்கிடையில் அமுங்கிவிடுகிறது. பதிவு செய்த பிறகு ஈக்யூவில் (அலைப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) பேஸைக் குறைத்தால் கனம் குறையுமே தவிர, டிஸ்டார்ஷனுக்குள் ஏற்கெனவே கலந்துவிட்ட அலைகள் பிரிந்துவிடப் போவதில்லை. ஆகவே வெட்ட வேண்டியதை ஆம்புக்கு முன்பே வெட்ட வேண்டும்.

ஐபனீஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் இதற்காகவே வடிவமைக்கப்பட்டதைப் போலப் பொருந்துகிறது. அதன் கிளிப்பிங் சுற்றில், சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதிக்கே முழுப் பெருக்கம் கிடைக்கிறது. அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் படிப்படியாகக் குறைகிறது. பின்னால் வரும் டோன் சுற்று மேல் அலைகளையும் ஓரளவு தணிப்பதால், மிட் (நடு அலைகளின்) பகுதி முன்னே எழுந்து நிற்கிறது. டிரைவ் குமிழை முழுவதும் குறைத்தாலும் அச்சுற்றில் ஏறத்தாழ 12 மடங்கு பெருக்கம் எஞ்சியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். எனவே 'டிரைவைச் சுழியில் வைத்தால் பெடல் வேலை செய்யுமா' என்ற ஐயம் தேவையில்லை. டிரைவைச் சுழியிலும், டோனை நடுவிலும், லெவலை முழு அளவுக்கு அருகிலும் வைத்துத் தொடங்குங்கள். அதன் பிறகு ஆம்பின் கெயினைக் குறையுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் பெடலால் கிடைத்த தெளிவு மீண்டும் அமுங்கிப்போகும், இரைச்சல் மட்டும் கூடும். கனம் குறைந்ததாகத் தோன்றினால் ஆம்பின் பேஸ் குமிழைச் சற்றே கூட்டலாம். பெரும்பாலான ஹை கெயின் ஆம்புகளில் அந்தக் குமிழ் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வருவதால் குழப்பம் திரும்பாது.

பாஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட எஸ்டி-1 பெடலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த வேலைக்கு அது எவ்விதத்திலும் தாழ்ந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.

எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் போன்ற கிளீன் பூஸ்ட், எல்லா அலைகளையும் ஒன்றாகவே உயர்த்தும். 26 டெசிபல் வரை கூட்டக்கூடியது. ஒலி மெல்ல டிஸ்டார்ஷனாக மாறத் தொடங்கும் ட்யூப் ஆம்பை மேலும் தள்ளுவதற்கு அது அருமையான துணை. ஏற்கெனவே டிஸ்டார்ஷன் நிறைந்து வழியும் உங்கள் ஆம்புக்கு அது குழப்பத்தையே கூட்டித் தரும். ட்ரெபிள் பூஸ்டரின் கதை வேறு: 1960களில் வந்த டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர், ஒற்றை ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைக் கொண்டு மேல் அலைகளை உயர்த்தியது, பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமியும் குயின் குழுவின் பிரையன் மேயும் தங்கள் ஒலியை ட்ரெபிள் பூஸ்டரின் துணையோடுதான் கட்டினார்கள். கெயின் குறைந்த பழைய வகை ஆம்புகளுக்கு அது உயிர் கொடுக்கும். இக்கால ஹை கெயின் ஆம்பில் பெரும்பாலும் காதைக் குத்தும்.

உங்களிடம் ஏழு பட்டை ஈக்யூ பெடல் இருந்தால், வாங்குவதற்கு முன் அதையே ஆம்புக்கு முன்னால் வைத்து, 100, 200 ஹெர்ட்ஸ் பட்டைகளை இறக்கி, 800 ஹெர்ட்ஸைச் சற்றே ஏற்றிப் பாருங்கள். ஒப்பிடும்போது இரண்டு பதிவுகளின் ஒலி அளவையும் சமமாக்கிக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் சத்தம் கூடிய பதிவு பெரும்பாலும் சிறந்ததாகவே காதுக்குத் தோன்றும். இடம், வலம் என இருமுறை வாசித்து அடுக்குவதாக இருந்தால், தனியாகக் கேட்கையில் சற்றுக் குறைவாகத் தோன்றும் கெயினே அடுக்கிய பின் சரியாக அமையும்.

கேள்வி: ஆம்ப் சிமுலேட்டர் மென்பொருளில் (ஆம்பின் ஒலியைக் கணினியில் உருவாக்குவதில்) பதிவு செய்பவருக்கும் உண்மையான பெடல் தேவையா?

பதில்: தேவையில்லை. மென்பொருளிலேயே உள்ள ஓவர்டிரைவை (ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலின் மென்பொருள் வடிவத்தை) ஆம்புக்கு முன்னால் வைத்தால் இதே பயன் கிடைக்கும். கிட்டாரின் டிஐ ஒலி (பெடலோ ஆம்போ இல்லாமல் நேரடியாக வரும் ஒலி) தூய்மையாகப் பதிவாகியிருப்பதால், பிறகு மனம் மாறினாலும் மாற்றிக்கொள்ளலாம். உண்மையான பெடலையே பயன்படுத்த விரும்பினால், லெவலை உயர்த்திய பிறகு கிட்டாரைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் உள்ளீட்டைக் குறைத்து, மிகப் பலமாக வாசிக்கும் இடத்திலும் மீட்டர் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கு நேரும் டிஜிட்டல் கிளிப்பிங்கைப் பின்னர் நீக்குவது மிகக் கடினம்.