லண்டனில் ஓர் ஆய்வாளரின் சொல்லுக்கு மதிப்பு எப்படி வருகிறது?

தம்பி, லண்டனில் ஒரு சிந்தனைக் குழாமில், அதாவது அரசின் கொள்கைகளை ஆராயும் நிறுவனத்தில், இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்திருக்கும் நீங்கள், "என் பெயரையோ நான் படித்த சென்னைக் கல்லூரியையோ அறியாத ஊரில் நான் எழுதுவதை யார் நம்புவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் பதினாறு ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லூரியை முதல் சந்திப்பில் விசாரிப்பார்கள், அதன்பின் உங்கள் கணக்கைத்தான் விசாரிப்பார்கள்.

1969-இல் தொடங்கப்பட்ட, எல்லோரும் ஐ.எஃப்.எஸ். என்று அழைக்கும் நிதி ஆய்வு நிறுவனத்தைக் கவனியுங்கள். பட்ஜெட்டுக்கு மறுநாள் அது நடத்தும் விளக்கக் கூட்டத்துக்கு ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் செவிசாய்க்கின்றன. ஒரு வரி மாற்றத்தால் எந்த வருமானப் பிரிவினருக்கு எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பதைக் குடும்பக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு டாக்ஸ்பென் என்னும் கணினி மாதிரியில் கணக்கிடுகிறார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் அளவுகோல் மாறுவதில்லை. தங்களுக்கு நிதி தருபவர்கள் யார் என்பதையும் மறைப்பதில்லை.

கணக்கைச் சரிபார்க்க விட்டால்தான் நம்புவார்கள் என்ற இந்த விதி அரசாங்கத்துக்கும் பொருந்தும் என்பதை 2022 செப்டம்பரில் இங்கே நேரில் பார்த்தேன். அப்போதைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தபோது, அரசின் வரவு செலவைச் சுதந்திரமாக மதிப்பிடும் அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு அதனுடன் வெளியிடப்படவில்லை. சில நாள்களில் பவுண்டு சரிந்தது, நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி அரசுக் கடன் பத்திரச் சந்தையில் தலையிட நேர்ந்தது, அடுத்த மாதமே குவார்ட்டெங் பதவியிழந்தார். சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், சரிபார்க்க இடம் தராத கணக்கைச் சந்தை நம்ப மறுத்ததும் அவற்றில் ஒன்று என்பதே என் கருத்து.

என் மூன்றாம் ஆண்டில், வாடகை உதவி பற்றிய என் அறிக்கையின் ஒரு வரைபடத்துக்கு "குடியிருப்புச் செலவு கழித்த வருமானம்" என்று தலைப்பிட்டிருந்தேன். உள்ளே இருந்ததோ கழிக்காத எண்கள். காலை எட்டு மணிக்கு ஒரு நிருபர் தொலைபேசியில் அதைச் சுட்டிக்காட்டியபோது கை நடுங்கியது. அன்று மாலைக்குள் பழைய எண், புதிய எண், திருத்திய தேதி மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டோம். அடுத்த பட்ஜெட்டின்போது அதே நிருபர் கருத்துக் கேட்டு என்னையே அழைத்தார்.

ஆகவே உங்கள் முதல் அறிக்கையை, அதன் முடிவை ஏற்காத ஒரு சக ஆய்வாளரிடம் தரவுக் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். அவர் அதே எண்ணை அடையும்வரை வெளியிட வேண்டாம்.