வட்டு நிறைந்தால், இணைப்பு உறைந்தால்: லினக்ஸ் சர்வர் கேள்வி பதில்

கேள்வி (பட்டர்வொர்த், கிடங்கு அலுவலகம்): ஐயா, டிஎஃப் கட்டளை வட்டு முழுவதும் நிறைந்துவிட்டதாகக் காட்டியதால், 40 ஜிபி அளவுள்ள லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பு ஒன்றை அழித்தேன். அதன் பிறகும் இடம் கிடைக்கவில்லை. டியூ கட்டளையோ வட்டில் பாதி காலி என்பதுபோல் கணக்குக் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். நீங்கள் அழித்தது கோப்பின் பெயரை மட்டுமே. அக்கோப்பை ஏதேனும் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் வரை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதன் இடத்தை விடுவிப்பதில்லை. பெயர்களைப் பின்பற்றிக் கூட்டிக்கொண்டு போகும் டியூவின் கண்ணில் அது படாது. கோப்பு முறைமையின் சொந்தக் கணக்கைக் கேட்டுச் சொல்லும் டிஎஃப் அதையும் சேர்த்தே சொல்லும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையுடன் கூட்டல் குறி, பெரிய எல், 1 ஆகியவற்றைச் சேர்த்து இயக்கினால், பெயரிழந்தும் திறந்திருக்கும் கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களும் வரிசையாக வரும். அந்தச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள். சர்வரையே அணைத்துப் போட்டாலும் இடம் திரும்பிவிடும், ஆனால் பிடித்திருந்தது யார் என்பது தெரியாமலே போகும். அடுத்த மாதம் அதே நிலை வரும். ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் லாக் கோப்பை அழிப்பதைவிட, ட்ரன்கேட் கட்டளையால் அதன் அளவைச் சுழியமாக்குவது நல்லது. நிரந்தரத் தீர்வு, பழைய லாக்குகளைத் தானாகவே சுழற்றி அகற்றும் லாக்ரொட்டேட்தான்.

கேள்வி (அவரே): இன்னொரு சர்வரில் இடம் தாராளமாக இருந்தும் ‘இடமில்லை’ என்ற பிழைச்செய்தி வருகிறதே?

பதில்: டிஎஃப் கட்டளையுடன் கழித்தல் குறியும் ஐ எழுத்தும் சேர்த்துப் பாருங்கள்; ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோட் பதிவுகள் தீர்ந்திருக்கும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள், குறிப்பாக யாரும் துடைக்காத செஷன் கோப்புகள், இதைச் செய்யும். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஐநோட் எண்ணிக்கை வட்டை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு முறைமை தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்கிறது. ஈஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 விழுக்காட்டு இடத்தை ரூட் எனும் நிர்வாகப் பயனருக்காக ஒதுக்கி வைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: 4 டிபி தரவு வட்டில் அது 200 ஜிபி. தரவு மட்டுமே உள்ள வட்டில் ட்யூன்2எஃப்எஸ் கொண்டு அதைக் குறைக்கலாம்; இயங்குதளம் உள்ள பகுதியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து அலுவலக சர்வருக்குப் பிங் போகிறது, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலைநுழைவு) வழி உள்நுழைவும் நடக்கிறது, ஆனால் நீளமான பட்டியலைக் கேட்டவுடன் திரை உறைந்துவிடுகிறது.

பதில்: சிறிய பொட்டலம் போய்ச் சேர்ந்து பெரியது தொலைகிறது என்றால் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவைச் சந்தேகியுங்கள். பிபிபிஓஇ வகை இணைய இணைப்பு 1500 பைட்டில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு 1492ஐ விடுகிறது. பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் 1464 பைட் தரவைப் பிங் செய்யுங்கள்; தலைப்புப் பகுதிகளின் 28 சேர்ந்தால் சரியாக 1492. அது போய் 1465 போகவில்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. அளவைக் குறைக்கச் சொல்லும் ஐசிஎம்பி (பிணையக் கட்டுப்பாட்டு) செய்தியை வழியில் எந்த ஃபயர்வாலாவது தடுத்தால்தான் இப்படி மௌனமாக உறையும். ஐசிஎம்பி முழுவதையும் தடுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ரௌட்டரில், ஒரு பொட்டலத்துக்குள் செல்லும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸைக் கட்டுப்படுத்தினால் டிசிபி இணைப்புகள் சீராகும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): எஸ்எஸ்எச் போர்ட்டை 22இலிருந்து மாற்றினால் போதுமா?

பதில்: லாக் கோப்பில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். சாவிக் கோப்பு வழியாக மட்டும் நுழையவிட்டு, கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். உபுண்டு கிளவுட் சர்வர்களில் இங்கே ஒரு பொறி உண்டு: எஸ்எஸ்எச் அமைப்பின் துணை அடைவில், சர்வரை முதன்முறை அமைக்கும் கிளவுட்-இனிட் நிரல் வைத்த சிறு கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, முதலில் வந்த மதிப்பே நிற்கும் என்பதால், முதன்மைக் கோப்பில் நீங்கள் ‘நோ’ என்று எழுதியும் கடவுச்சொல் வேலை செய்துகொண்டிருக்கும். எஸ்எஸ்எச்டி கட்டளையைக் கழித்தல் குறி, பெரிய டி (-T) சேர்த்து இயக்கினால் உண்மையில் நடப்பிலுள்ள அமைப்பு தெரியும். புதிய சன்னலில் நுழைந்து பார்க்கும் வரை பழைய இணைப்பை மூடாதீர்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): லாக்கில் நேரம் 8 மணி பின்தங்கிக் காட்டுகிறது.

பதில்: சர்வர் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அப்படியே விடுங்கள், பார்க்கும் இடத்தில் மட்டும் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில்தான் ஏழரை மணி வேறுபாட்டிலிருந்து எட்டுக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய நேரங்களைத் தரவுத்தளத்தில் கையாள்வோர், தாமாக எட்டைக் கூட்டாமல் கணினியின் நேரமண்டலத் தரவைக் கொண்டே மாற்ற வேண்டும்.