நெஞ்சுப் படத் தொகுப்பு: கம்பெனிக்காரரிடம் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நெஞ்சக மருத்துவத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் பி.ஜி. (முதுநிலை) மாணவர்களுக்காக எக்ஸ்ரே, சிடி படங்களைத் தொகுத்து இணையத்தில் வைக்க ஆசை. ஆண்டுச் சந்தா கட்டினால் எல்லாவற்றையும் செய்து தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? நோயாளியின் பெயரை அழித்துவிட்டால் போதுமா? கம்ப்யூட்டர் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சந்தாவை நிறுத்தினால் எங்கள் படங்கள் எந்த வடிவத்தில் எங்களிடம் திரும்பி வரும்?" நேரான பதில் வராது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆசிரியர்கள் பாடுபட்டுச் சேர்த்த தொகுப்பு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்பதற்காகப் பூட்டப்பட்டுவிட்டது. மன்றாடிக் கேட்டபிறகு கைக்கு வந்தவை சின்னச் சின்ன ஜேபெக் படங்கள். எந்தப் படம் எந்த நோய் என்ற குறிப்புகூட இல்லை. அப்புறம், ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் "சேவையை மேம்படுத்தப் படங்களைப் பயன்படுத்திக்கொள்வோம்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் நோயாளிகளின் படங்களைக் கொண்டு ஏஐ மென்பொருள் செய்து உங்கள் மருத்துவமனைக்கே விற்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள் என்றால் தயங்குவார்கள்.

உங்களுக்கு முதலில் தேவை ஒரு ஹார்ட் டிஸ்க்கும், ரேடியாலஜி டெக்னீஷியன் ஒருவரின் ஒத்துழைப்பும்தான். மெஷினிலிருந்து வரும் மூலக் கோப்பை, அதாவது டைகாம் கோப்பை, அப்படியே வாங்கி வையுங்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தையும் வியூ பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில் ஃபிலிமை மாட்டி செல்போனில் எடுத்த படத்தையும் தொகுப்பில் சேர்க்காதீர்கள். காரணம் இதுதான். நுரையீரலில் ஒரு உருண்டைக் கட்டி. அதற்குள் கொழுப்பு இருந்தால் ஹமர்டோமா, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி, என்று தைரியமாகச் சொல்லலாம். கட்டிக்குள் ஒரு சின்ன வட்டம் போட்டுப் பார்த்து, சிடியில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் மைனஸ் 40-க்கும் மைனஸ் 120-க்கும் இடையில் வந்தால் அது கொழுப்பு. டைகாம் கோப்பில் மாணவர் தானே அந்த வட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஜேபெக்கில் அந்த எண்ணே இல்லை, வெறும் சாம்பல் நிறம்தான் இருக்கிறது. நுரையீரலைத் தெளிவாகக் காட்டும் லங் விண்டோவிலிருந்து, இதயம், ரத்தக் குழாய்கள் உள்ள நடுநெஞ்சைக் காட்டும் மீடியாஸ்டைனல் விண்டோவுக்கு மாற்றிப் பார்க்கவும் முடியாது. 300 ஸ்லைஸ் கொண்ட ஒரு சிடி ஏறக்குறைய 150 எம்பிதான், அதனால் இடப் பிரச்சினை வராது. இந்தக் கோப்புகளைச் சேமித்துக் காட்ட ஆர்தாங்க் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரிக் கம்ப்யூட்டர் பிரிவில் யாராவது நிறுவித் தருவார்கள்.

பெயரை அழித்தால் போதாது. மருத்துவமனை எண், பிறந்த தேதி, பரிந்துரைத்த டாக்டர் பெயர் எல்லாம் கோப்பின் தலைப்பில், அதாவது படத்தோடு சேர்ந்து வரும் தகவல் பகுதியில் (ஹெடர்), ஒளிந்திருக்கும். அதைத் துடைக்க வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம் தரும் சிடிபி மென்பொருள் உண்டு, அதுவும் இலவசம். ஆனால் சிடி எடுத்து முடிந்ததும் கடைசியில் கதிர்வீச்சு அளவைக் காட்டும் ஒரு பக்கம் சேருமே, அதில் நோயாளியின் பெயர் படத்துக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். தலைப்பை மட்டும் துடைத்தால் அது அப்படியே நிற்கும். அந்தப் பக்கத்தை நீக்கிவிடுங்கள். ஸ்கேன் செய்த பழைய ஃபிலிமின் மூலையில் இருக்கும் பெயரும் இதே கதைதான். ஒவ்வொரு படத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

எல்லாம் துடைத்த பிறகும் ஆள் தெரிந்துவிடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: அபூர்வ நோய். நுரையீரல் முழுக்க மணல் மணிகளாகக் கால்சியம் படியும் ஆல்வியோலார் மைக்ரோலித்தியாசிஸ் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? வயது, தொழில், ஊர் மூன்றையும் எழுதினால் உறவுக்காரர்களுக்கே யார் என்று புரிந்துவிடும். இப்படிப்பட்ட கேஸுக்குத் தமிழில் எழுதிய தனிச் சம்மதம் வாங்குங்கள். அட்மிஷனின்போது வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது. ஒருமுறை இணையத்தில் போனால் முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் வாயால் சொல்லுங்கள். நோயாளி இறந்திருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல படமானாலும் சரி. சம்மதம் தந்தாலும் ஊரை எழுதாதீர்கள். வயதை "நாற்பதுகளில்" என்று போட்டால் போதும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய தொகுப்புகளை இறக்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்டதில் 1,12,120 எக்ஸ்ரேக்கள் இருக்கின்றன. ஆனால் நோயின் பெயர்களை ரிப்போர்ட்டுகளிலிருந்து எடுத்தது மென்பொருள். நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) என்று குறித்த பல படங்களில் அந்தக் காற்றை வெளியேற்ற ஏற்கனவே டியூப் போட்டிருக்கிறது. மாணவர் டியூபைப் பார்த்து விடை சொல்லப் பழகிவிடுவார். உங்கள் தொகுப்பில் ஒவ்வொரு கேஸுக்கும் உறுதிச் சான்று இருக்கட்டும்: காசநோய் என்றால் சிபிநாட் (சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) முடிவு, புற்றுநோய் என்றால் பயாப்ஸி. சான்று இல்லாததைச் சேர்க்காதீர்கள். நாலில் ஒன்றாவது நார்மல் படமாக இருக்கட்டும். டியூட்டியில் பி.ஜி. தடுமாறுவது பெரும்பாலும் நார்மலில்தான்.

ஸ்மார்ட் போர்டுக்கு டெண்டர் விடுகிற நிர்வாகம், பெயர் நீக்க ஒரு டேட்டா என்ட்ரி ஆளைத் தராது. பதவி உயர்வுக்கு யாரும் படிக்காத கட்டுரை எண்ணிக்கையில் சேரும், நூறு மாணவர்கள் படித்த கேஸ் தொகுப்பு சேராது. இது மாற வேண்டும், மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. கல்லூரி முதல்வரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் இப்போதே எழுத்து அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை, எதையும் இணையத்தில் ஏற்றாமல், வாரம் இரண்டு கேஸை மட்டும் சான்றோடு ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.