மானியக் கோரிக்கை என்றால் என்ன? வரலாற்றுக் கல்வி நிதிக்காக எம்.எல்.ஏ.வுக்கு எப்போது எழுதுவது?

ஒவ்வொரு துறையும் அடுத்த ஆண்டுச் செலவுக்குச் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகைதான் மானியக் கோரிக்கை. அரசியலமைப்பின் 203-வது பிரிவுப்படி உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; கூட்ட முடியாது. கல்யாண மளிகைப் பட்டியல் கடைக்குப் போகும்முன் சொன்னால்தானே சாமான் சேரும்? நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால், முந்தைய அக்டோபரிலேயே எழுதுங்கள்.

கடிதத்தில் மாணவர் எண்ணிக்கை, வரலாற்று இடங்களுக்குக் கூட்டிப்போகும் பேருந்தின் வாடகை எல்லாம் இருக்கட்டும். 'வரலாற்றை வளர்க்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் யாராலும் தொகை போட முடியாது.

குமரி எல்லையில் கூடுதல் கவனம் வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. பிள்ளைகளின் பயணச் செலவைச் சென்னையிடம் கேளுங்கள். அரண்மனைக்குள் தமிழ் விளக்கப் பலகை வேண்டுமானால் திருவனந்தபுரத்திடம்.

மானியக் கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் கொண்டுவருவது வெட்டுத் தீர்மானம். அது என்றாலே நிதியைப் பறிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். 100 ரூபாய் குறைக்கச் சொல்லும் அடையாள வெட்டு, குறையை அவையில் பேசவைக்கும் வழிதான்.