பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் தேவையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பின்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா என்று புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் உருளையின் உள்பக்கத்தில் "ஷூ" என்ற வளைந்த துண்டுகள் அழுத்துகின்றன; அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் "லைனர்". டிஸ்க் பிரேக்கில், சுழலும் தட்டை இரண்டு பக்கமும் "பேட்" என்ற உராய்வுத் துண்டுகள் கவ்வுகின்றன. உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் சில கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடைய ஹேட்ச்பேக் காருக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி சென்னைக்குப் போய் வருகிறேன். பின்னாலும் டிஸ்க் போட்டால் வண்டி இன்னும் சீக்கிரம் நிற்குமா? (லாஸ்பேட்டை)

பெரும்பாலும் நிற்காது. பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் தரையை அழுத்துவது குறைந்துவிடுகிறது. உங்களுடையதைப் போன்ற முன்சக்கர இயக்க வண்டியில் அவசரமாக நிறுத்தும்போது பாரத்தின் பெரும்பகுதியை முன் டிஸ்க்குகளே சுமக்கின்றன. அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்து பெடல் காலுக்கடியில் துடிக்கிறது என்றால், டயருக்குத் தரையில் உள்ள பிடிப்பைவிட பிரேக்கின் பலம் ஏற்கெனவே அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பிரேக்கின் பலத்தைக் கூட்டிப் பயனில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

டிஸ்க்கின் உண்மையான சிறப்பு சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. டிரம் சூடேறினால் விரிந்து லைனரை விட்டு விலகிப் போகும், அதனால் பெடல் கீழே இறங்கும். டிஸ்க் சூடேறித் தடித்தாலும் பேடை நோக்கித்தான் வரும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தோடு இறங்குபவருக்கு இந்த வேறுபாடு புரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையோ சமதளம். அங்கே கவனிக்க வேண்டியது வேகத்தைத்தான்: 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த பிரேக் ஒன்றரை மடங்குக்கும் மேலான ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும்.

கேள்வி: இதே மாடலின் உயர்ரக வண்டியில் பின்னாலும் டிஸ்க் வருகிறது. பழைய சாமான் கடையில் அதன் காலிப்பரும் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) டிஸ்க்கும் கிடைக்கின்றன. அரை நாளில் மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா? (கடலூர் முதுநகர்)

மாட்டுவதற்கு அரை நாள் போதும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மாட்டுவது மட்டுமே வேலை அல்ல.

டிரம் பிரேக்கில், சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்த் தானாகவே மேலும் இறுக்குகிறது; ஆகவே குறைந்த பிரேக் ஆயில் அழுத்தத்திலேயே நல்ல பிடிப்பு கிடைக்கிறது. டிஸ்க்குக்கு இந்த உதவி இல்லை என்பதால்தான் அதற்குப் பெரிய பிஸ்டன் வைக்கிறார்கள். பெரும்பாலான சிறிய கார்களில், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் 20 மி.மீ.க்கு உட்பட்டது, காலிப்பர் பிஸ்டனோ 30 மி.மீ.க்கு மேல். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பெடலை மிதிக்கும்போது எவ்வளவு அதிக ஆயில் பின்பக்கம் போக வேண்டியிருக்கும் என்பது விளங்கும். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரால் அதைத் தர முடியாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும்.

அதைவிட முக்கியமானது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலை. பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும், ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் கணினியும், டிரம்முக்கென்று கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. டிஸ்க் மாட்டிய பிறகு பின்பக்கப் பிடிப்பு தேவைக்குக் குறையலாம், கூடவும் செய்யலாம். குறைந்தால் நீங்கள் செலவழித்தது வீண், கூடினால் ஆபத்து. ஏபிஎஸ் இல்லாத வண்டியில், மழையில் நனைந்த சாலையில் முன்சக்கரத்துக்கு முன்பாகப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், வண்டி பின்பக்கமாகச் சுழன்று எதிர்த்திசைக்குப் போய்விடும். ஸ்டியரிங்கைத் திருப்பி அதைக் காப்பாற்றுவது அரிது.

ஆகவே உயர்ரக வண்டியின் காலிப்பரை மட்டும் எடுக்காதீர்கள். அதன் ஹப், சக்கர வேக சென்சார், ஹேண்ட் பிரேக் கேபிள், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், வால்வு, ஏபிஎஸ் யூனிட் ஆகியவற்றின் பாக எண்களை உங்கள் வண்டியின் பாக எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்லுங்கள். வேறுபடுவது எதுவோ அதுவும் சேர்ந்தே மாற வேண்டும். காலிப்பர் உங்கள் வீல் ரிம்முக்குள் இடிக்காமல் சுழல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனையையும் செய்யத் தயாராக இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இந்த மாற்றம் சட்டப்படி செல்லுமா? என் வண்டி பிஒய்-01 பதிவு. (முத்தியால்பேட்டை)

மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. புதுச்சேரிக்குத் தனி விதிவிலக்கு கிடையாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியின்றிப் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் பின்சக்கரம் ஒட்டிக்கொண்டு, "டக்" என்ற சத்தத்தோடுதான் விடுபடுகிறது. டிஸ்க் போட்டால் இது தீருமா? (தேவனாம்பட்டினம்)

உப்புக் காற்றில் டிஸ்க் இன்னும் அதிகமாகக் கவனிப்பு கேட்கும். டிரம் மூடிய பெட்டி போன்றது. டிஸ்க் திறந்து கிடக்கும் வார்ப்பிரும்பு. ஓரிரவில் அதன் மேல் படரும் செந்நிறத் துரு முதல் சில மிதிகளில் தேய்ந்து போகும் என்றாலும், பின்பக்க டிஸ்க்குக்கு வேலை குறைவாதலால் அங்கே துரு முழுவதும் தேயாமல் நாளடைவில் குழிகளாகிவிடும். சில்வர் பீச் பக்கம் நின்றிருந்த ஒரு காரின் பின் காலிப்பரைக் கழற்றியபோது, கையால் எளிதாக நகர வேண்டிய ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்வதற்கான ஊசி) ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. உள்பக்கத்து பேட் இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்து பேட் ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

உங்கள் சிக்கலுக்கு வழி எளிது. நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல், சமதளத்தில், கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஷூ டிரம்மோடு ஒட்டாது.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் மழையில் கார் சக்கரம் மூழ்கும்வரை தண்ணீரில் நின்றது. அதிலிருந்து பின்பக்கம் கிறீச்சிடுகிறது. டிரம்மையே எடுத்துவிடலாமா? (வில்லியனூர்)

2024 நவம்பர் 30 முதல் இத்தனை காலமாகத் திறந்து பார்க்கப்படாமல் இருப்பதுதான் கவலை தருகிறது. உடனே டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே போன சேறு காய்ந்து லைனரின் மேல் பதிந்து தேய்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது; பழைய லைனர்களில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு என்பதால் பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாகத் துடைக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். டிரம்மில் அதன் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து அதற்கு உட்பட்டு இருந்தால் தொடர்ந்து பயன்படுத்தலாம். லைனரை இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் ஆயிலையும் முழுவதுமாக மாற்றிவிடுங்கள்: டாட் 4 என்ற தரத்திலுள்ள புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம்.

கேள்வி: ஹேண்ட் பிரேக்கைப் பதினோரு "கிளிக்" வரை இழுத்தால்தான் பிடிக்கிறது. கேபிளை முறுக்கிவிடலாமா? (நெல்லிக்குப்பம்)

முதலில் கேபிளைத் தொடாதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, திருகில் பிரேக்குக்குரிய கிரீஸைச் சிறிதளவு தடவி மாட்டினாலே பிடிப்பு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், கால் பிரேக்கின் பெடலும் மேலே ஏறும். அதன் பிறகும் குறை இருந்தால் மட்டும் கேபிளை முறுக்கச் சொல்லுங்கள்.